பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்கு வீடு எப்படித் துணை நிற்பது?

கேள்வி: என் மகன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ கணினி அறிவியல் பிரிவில் படிக்கிறான். அரையாண்டுத் தேர்வில் அறுபது சதவீதத்தை ஒட்டி மதிப்பெண் எடுத்திருக்கிறான். அடுத்து என்ன படிக்க விருப்பம் என்று கேட்டால், ‘தெரியலை’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறான். பொறியியல்தான் படிக்க வேண்டும் என்கிறார் அவனுடைய அப்பா. பயிற்சி மையத்தில் சேர்த்து டிஎன்பிஎஸ்சி எழுத வைத்தால் போதும் என்கிறார் என் அண்ணன். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. நாங்கள் அவனுக்கு எப்படி உதவுவது? (திண்டுக்கல் மாவட்ட வாசகி)

பதில்: உங்கள் மகன் சொல்லும் ‘தெரியலை’ என்பதை அலட்சியமாகவோ பிடிவாதமாகவோ எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினேழு வயதில் அது பெரும்பாலும் உண்மையான பதில். பெரியவர்கள் இருவர் ஏற்கெனவே எதிரெதிராகப் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில், தான் எதைச் சொன்னாலும் யாராவது ஒருவருக்கு எதிராகச் சொன்னதாக ஆகிவிடும் என்ற தயக்கமும் அதற்குள் இருக்கக்கூடும். ஆகவே வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. எதைப் படிப்பது என்ற தேர்வு அவருடையதாக இருக்கட்டும். சான்றிதழ்கள், கட்டணம், கடைசி நாள்கள் ஆகியவற்றைப் பெற்றோர் ஏற்றுக்கொள்ளுங்கள். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. படிப்பைப் பெற்றோர் முடிவு செய்துவிட்டு, விண்ணப்பத்தையும் சான்றிதழ் அலைச்சலையும் பிள்ளையின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

‘என்ன ஆகப்போகிறாய்?’ என்று கேட்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதற்குப் பதிலாக, பதில் சொல்லக்கூடிய சிறிய கேள்விகளைக் கேளுங்கள். எந்தப் பாடத்தின் வீட்டுப்பாடத்தை யாரும் சொல்லாமலே முதலில் முடிக்கிறார், கணிதத் தேர்வுக்கு முந்தைய இரவு அவர் மனம் எப்படி இருக்கிறது, கைவேலையில் நிறைவு காண்கிறாரா அல்லது உட்கார்ந்து எழுதிப் படிப்பதிலா என்பவை போன்ற கேள்விகள் அவை. கணிதத்தைப் பற்றிய கேள்வியை நான் தனியாக வலியுறுத்துவேன். பொறியியல் படிப்பின் முதல் ஆண்டிலேயே பொறியியல் கணிதம் வந்துவிடும். பிளஸ் டூ கணிதத்தை மனப்பாடத்தால் கடந்து வந்தவர்களுக்கு அரியர் சேரத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். அப்பாவின் விருப்பத்தை ஏற்பதா மறுப்பதா என்பதை, கணிதத்தோடு உங்கள் மகனுக்கு உள்ள உறவை வைத்தே முடிவு செய்ய வேண்டும். அதே பள்ளியில் படித்து, இப்போது பொறியியல், பாலிடெக்னிக், கலைக் கல்லூரி ஆகியவற்றில் இரண்டாம் ஆண்டில் இருக்கும் மாணவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். அவர்களிடம் ஒரு மணி நேரம் தனியாகப் பேசவிடுங்கள். நீங்கள் உடன் உட்கார வேண்டாம்.

இனி, பொறியியல் என்று முடிவானால் அறிய வேண்டியவை. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 2007 முதல் நுழைவுத்தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். கணித மதிப்பெண்ணை முழுமையாகவும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைப் பாதியாகவும் எடுத்து, 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடுவார்கள். கணிதத்தில் 64, இயற்பியலில் 58, வேதியியலில் 62 என்றால் கட்-ஆஃப் 124. இந்த அளவில் பெயர்பெற்ற கல்லூரிகள் பொதுக் கலந்தாய்வில் கிடைப்பது அரிது. ஆனால், ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உள்ளது. 2020-இல் மருத்துவப் படிப்புகளுக்கு வந்த இந்த ஒதுக்கீடு, 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. இதன்கீழ் சேருவோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. உங்கள் மகன் இடையில் தனியார் பள்ளியில் படித்தாரா என்பதை எழுதவில்லை. முதலில் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒதுக்கீட்டுக்குள் வராவிட்டாலும், வீட்டில் பட்டதாரி யாரும் இல்லாததால் முதல் பட்டதாரி சலுகைக்கு அவர் தகுதி பெறலாம். அது கல்விக் கட்டணத்தில் கணிசமான பகுதியைக் குறைக்கும். இந்த இரு சலுகைகளும் அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகப் பெறும் இடங்களுக்கு மட்டுமே உரியவை என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, ‘இப்போதே முன்பணம் கட்டினால் கம்ப்யூட்டர் சயின்ஸ் உறுதி’ என்று தொலைபேசியில் அழைக்கும் முகவர்கள் பேசுவது நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களை, அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரி நிர்வாகமே நிரப்பும் இடங்களைப் பற்றி. அந்த இடத்தை வாங்கிய நொடியில் அரசு தரும் சலுகை கைநழுவிவிடுகிறது. எளிய குடும்பங்கள் இந்த ஒரு காரணத்தால் நான்கு ஆண்டுகளுக்குக் கடனாளிகளாவதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. அப்படி யார் அழைத்தாலும், கலந்தாய்வு முடியட்டும் என்ற ஒரே பதிலைச் சொல்லுங்கள்.

கணிதத்தில் அவருக்குத் தடுமாற்றம் இருந்து, ஆனால் இயந்திரம், மின்சாரம், கணினி ஆகியவற்றில் ஆர்வம் இருந்தால், பாலிடெக்னிக்கைத் தாழ்வாக நினைக்காமல் பரிசீலியுங்கள். பத்தாம் வகுப்போடு சேர்ந்தால் மூன்று ஆண்டுகளாகும் டிப்ளமோ படிப்பில், பிளஸ் டூ அறிவியல் பிரிவு மாணவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதாவது இரண்டே ஆண்டுகளில் ஒரு தொழில்நுட்பத் தகுதி கைக்கு வந்துவிடும். ரயில்வேயின் இளநிலைப் பொறியாளர் தேர்வுக்கு அது போதுமானது. பிறகு மனம் மாறினால், டிப்ளமோவை வைத்து பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் திறந்தே இருக்கிறது. இப்போது நேரடியாகப் பொறியியல் சேருவதைவிட ஓராண்டு கூடுதலாகும் என்பது உண்மைதான். ஆனால் அடித்தளத்தோடும், குறைந்த செலவிலும் அதே இடத்துக்குப் போய்ச் சேரலாம். ‘பிளஸ் டூ முடித்துவிட்டு டிப்ளமோவா?’ என்று உறவினர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகப் பிள்ளையின் நான்கு ஆண்டுகளைப் பணயம் வைக்கக் கூடாது.

அண்ணன் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தகுதியே போதும். பதினெட்டு வயது நிறைந்ததும் எழுதலாம். 200 கேள்விகளில் பாதி தமிழிலிருந்தே வருவதால், பள்ளித் தமிழ்ப் பாடநூல்களை ஊன்றிப் படித்தவருக்கு அது எட்டாத தேர்வு அல்ல. ஆனால் படிப்பை நிறுத்திவிட்டுப் பயிற்சி மையத்தில் மட்டும் இரண்டு ஆண்டுகள் உட்கார வைப்பதை நான் ஏற்கமாட்டேன். போட்டி மிகக் கடுமையானது. வெற்றி கிட்டாவிட்டால், இருபது வயதில் அவர் கையில் பிளஸ் டூ சான்றிதழைத் தவிர வேறொன்றும் இருக்காது. பட்டம் இல்லாமல் குரூப் 2 தேர்வையும் எழுத முடியாது. அரசு கலை அறிவியல் கல்லூரியில் ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்து, கூடவே இந்தத் தேர்வுக்கும் தயாராவது இரண்டு கதவுகளையும் திறந்து வைக்கும் வழி. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. புத்தகத்துக்கும் பேருந்துக்கும் அது உதவும்.

கடன் வாங்க நேர்ந்தால், தனியாரிடம் போகாமல் வங்கிக் கல்விக்கடனையே நாடுங்கள். 4 லட்சம் ரூபாய் வரை உங்கள் பங்காக முன்பணம் எதுவும் கேட்கப்படுவதில்லை. தகுதியுள்ள கடன்களுக்கு 7.5 லட்சம் வரை அரசின் உத்தரவாதத் திட்டம் இருப்பதால், சொத்துப் பிணையமும் தேவைப்படாது. படிப்புக்காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், பெற்றோரும் கடன்தாரராகக் கையெழுத்திடுவீர்கள் என்பதையும் மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டால் எவ்வளவு முடியும் என்ற தொகையை அவரோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். இந்தப் பேச்சைப் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில், மதித்துச் சொன்னால் அவர்கள் பொறுப்போடு கேட்டுக்கொள்கிறார்கள்.

உங்கள் பங்கு வேலையைப் பொதுத்தேர்வுக்கு முன்பே தொடங்குங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தேர்வு முடிவு வந்தபின் எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே வருவார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரின் எழுத்தும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இந்த வாரமே ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும், அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திரும்பக் கேட்டு வாங்குங்கள். அவற்றைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. ஐயம் எழுந்தால், பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணும், பள்ளியில் ‘நான் முதல்வன்’ என்ற அரசின் உயர்கல்வி வழிகாட்டல் திட்டப் பணியைக் கவனிக்கும் ஆசிரியரும் இருக்கிறார்கள்.

எதிர்பாராமல் ஒரு பாடத்தில் தேர்ச்சி தவறினாலும் அந்த ஆண்டு வீணாகிவிடாது. அதே கோடையில் துணைத்தேர்வு நடைபெறும். அதில் தேறியவர்களுக்கென்று பொறியியலிலும் துணைக் கலந்தாய்வு உண்டு. இதைத் தேர்வுக்கு முன்பே உங்கள் மகனிடம் சொல்லிவையுங்கள். முடிவு வரும் நாளில் அவர் வீட்டுக்கு வருவதற்குத் தயங்கக் கூடாது.