களியல்: ஸ்பீக்கரை அணையுங்கள்

அன்புள்ள அண்ணாச்சி,

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மன்றத்தில் மூன்று மாதமாகக் களியல் ஆடுகிறேன், விளக்கைச் சுற்றி வட்டமாக நின்று, வேகம் கூடிக்கொண்டே போகும் பாட்டுக்குக் கம்பு தட்டி ஆடும் ஆட்டம். மொத்தம் 12 பேர். ஜிம்முக்குப் போவதை விட்டுவிட்டேன். உடற்பயிற்சிக்குக் களியல் மட்டும் போதுமா? மழை காரணமாக இப்போது மண்டபத்தில் ஆடுகிறோம். முட்டு வலிக்கிறது, வர்ம எண்ணெய் போடலாமா? இது இந்துக்களின் ஆட்டமா, கிறிஸ்தவர்களின் ஆட்டமா என்றும் மன்றத்தில் ஒரு பேச்சு. பாடி ஆட்டுவிக்கும் ஆசானுக்கு வயதாகிவிட்டதால் பாட்டை ஸ்பீக்கரில் போட்டு ஆடுகிறோம். கடைசி வேகத்தில் வட்டம் உடைகிறது, விரலில் அடி விழுகிறது. மேடைக்கு இன்னும் 5 வாரம்தான்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஜிம்மை முழுதாக விடவேண்டாம். களியல் காலுக்கும் மூச்சுக்கும் நல்லது. எடை தூக்குகிற, இழுக்கிற வேலை அதில் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் அதையும் செய்யுங்கள். இந்துவா கிறிஸ்தவமா என்ற பேச்சில் நேரத்தை வீணாக்காதீர்கள். கோயில் கொடை விழாவிலும் ஆடுகிறார்கள், தேவாலயத் திருவிழாவிலும் ஆடுகிறார்கள். பாட்டின் கதை மாறும், காலடி மாறாது. முட்டுவலிக்கு முதல் காரணம் மண்டபத்துச் சிமெண்ட் தரையாக இருக்கும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, தோப்பு மண்ணில் ஆட வருடத்தில் பல வாரம் வாய்க்காது. அந்த வாரங்களில் குதித்து விழும் அடவுகளை விடுங்கள், முன்பாதம் முதலில் பதியட்டும். எண்ணெய் தடவுங்கள், வீக்கம் இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை விடவில்லை. பாட்டை ஸ்பீக்கரில் போடுகிறீர்கள். இது உங்கள் மன்றத்தில் மட்டும் நடப்பதில்லை, அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். ஆசான் விளக்குப் பக்கத்தில் தாளத்தோடு நிற்பது அலங்காரத்துக்கு என்று நினைத்தீர்களா? அவர் கண் முழுக்க உங்கள் காலில் இருக்கும். புதிதாகச் சேர்ந்தவன் ஒரு அடி பிந்தினால் அதே வரியை இன்னொருமுறை பாடி அவனை உள்ளே இழுத்துக்கொள்வார். எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள் என்று தெரிந்தபிறகே அடுத்த வேகம். பதிவுசெய்த பாட்டுக்கு யார் பிந்தினார்கள் என்று தெரியுமா? அது தன்பாட்டுக்கு வேகம் கூட்டும். பிந்தியவன் கையிலிருக்கும் கம்பு பக்கத்தவன் விரலில் விழும்.

ஆசான் பாடிய வரியை ஆடுகிறவர்கள் திருப்பிப் பாடவேண்டும். ஸ்பீக்கர் வந்ததும் நீங்கள் வாயை மூடிவிட்டீர்கள், இழப்பு அங்கேதான். திருப்பிப் பாட மூச்சு இருக்கிறவரை அந்த வேகம் உங்கள் உடம்புக்குத் தாங்கும். வரியின் பாதியில் மூச்சு அறுந்தால் வேகம் மிஞ்சிவிட்டது என்று பொருள். எந்தக் கருவியும் இல்லாமல் 12 பேருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கிற அளவுகோல் இது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு வட்டம் ஏன் உடைகிறது என்று என்னிடம் கேட்கிறீர்களே!

வட்டம் உடைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆளுக்கு ஆள் 4 அடி இடைவெளி என்றால் 12 பேருக்குச் சுற்றளவு 48 அடி, குறுக்களவு சுமார் 15 அடி. வேகம் கூடும்போது கால் எட்டிவைக்கும் தூரம் குறுகும், எல்லாரும் அறியாமல் விளக்கை நோக்கி நகர்வார்கள். குறுக்களவு 12 அடியாகச் சுருங்கினால் இடைவெளி 3 அடிதான். கை வீச இடமில்லை. விளக்கடியில் ஏழரை அடிக் கயிறு பிடித்து, கோலமாவால் வட்டம் போட்டு, அதன்மேல் ஆடிப் பழகுங்கள்.

ஒருவர்விட்டு ஒருவர் எதிர்த்திசையில் போய் ஜோடி மாறும் அடவில், ஆறு பேரைச் சந்தித்தபின் ஏழாவதாக உங்கள் முதல் ஜோடியே எதிரே வரவேண்டும். அப்போது வட்டத்தில் பாதி கடந்திருப்பீர்கள். வேறு முகம் வந்தால் யாரோ தப்பான பக்கம் திரும்பியிருக்கிறார். நிறுத்தி, முதலிலிருந்து தொடங்குங்கள். சமாளித்து ஆடிப் பழகினால் மேடையிலும் அதே இடத்தில்தான் உடையும்.

கம்பின் அடியில் இரண்டு விரல் விட்டுப் பிடியுங்கள். கட்டைவிரல் கம்பின்மேல் நீளவாக்கில் கிடக்காமல் சுற்றி மடங்கட்டும். வீச்சு மணிக்கட்டிலிருந்து வரட்டும், கம்பின் மேல்பகுதியில் அடி விழட்டும். கண் கம்பைப் பார்க்காமல் ஜோடியின் நெஞ்சைப் பார்க்கட்டும். பச்சைக்கம்பு வாங்காதீர்கள், உலரும்போது வெடித்துச் சிலாம்பு கிளம்பும்.

ஆசானுக்குக் குரல் போயிருக்கலாம், கண் போகவில்லை. நாற்காலி போட்டு உட்காரவையுங்கள், தாளம் அவர் கையில் இருக்கட்டும். உங்களில் குரலுள்ள ஒருவர் அவர் பக்கத்தில் நின்று வரியை எடுத்துக்கொடுக்கட்டும். 12 பேரும் ஆடவேண்டும் என்றால் பாட்டுக்குப் பதின்மூன்றாவதாக ஒருவரைத் தேடுங்கள், ஊரில் கிடைக்கமாட்டாரா? மீதியிருக்கும் 5 வாரத்தில் முதல் 2 வாரம் கம்பைத் தொடவேண்டாம். கைதட்டி, பாடி, முதல் வேகத்தில் மட்டும் ஆடுங்கள்.