கணிதத்தில் எது விழுந்தது?

அன்புள்ள ஐயா,

அறிவியலில் பழைய கொள்கை விழும், புதியது வரும். அதனால் வரலாறு உண்டு. கணிதத்தில் எது விழுந்தது? இரண்டும் இரண்டும் என்றைக்கும் நான்குதானே? 'நவீன கணிதம்' என்று நீங்கள் எழுதியதன் பொருள் புரியவில்லை.

செ.

அன்புள்ள செ.,

நான்குதான், அதில் சண்டையில்லை. ஆனால் 'எத்தனை' என்ற சொல்லுக்கே பொருள் மாறிய காலம் ஒன்று உண்டு.

1, 2, 3 என்று எண்ணிக்கொண்டே போனால் முடிவில்லை. சரி, 0-க்கும் 1-க்கும் நடுவில் எத்தனை எண்கள்? அங்கும் முடிவில்லை. இரண்டும் ஒரே முடிவிலிதானே என்றுதான் யாருக்கும் தோன்றும். இல்லை என்று 1874-இல் நிறுவினார், ஜெர்மனியின் ஹாலே நகரில் பேராசிரியராக இருந்த கேன்டர். 1891-இல் இன்னும் எளிய வழி ஒன்றையும் காட்டினார். அதைத் தசம எண்களில் சொல்கிறேன், ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். நடுவிலுள்ள எல்லா எண்களையும் வரிசையாக எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம்.

0.5172…
0.3308…
0.9146…

முதல் எண்ணின் முதல் இலக்கம் 5, இரண்டாவதன் இரண்டாம் இலக்கம் 3, மூன்றாவதன் மூன்றாம் இலக்கம் 4. ஒவ்வொன்றையும் மாற்றி 6, 4, 5 என்று எழுதிக்கொண்டே போங்கள். 0.645… என்று ஓர் எண் கிடைக்கும். பட்டியலில் இது எங்கே இருக்கிறது? நூறாவது இடத்தில் இருக்க முடியாது, நூறாவது இலக்கம் இடிக்கும். எந்த இடத்தைச் சொன்னாலும் இதே கதைதான். அதாவது 1, 2, 3 என்று எண்ணி அப்படியொரு பட்டியலே போட முடியாது. 0-க்கும் 1-க்கும் நடுவிலுள்ள முடிவிலி பெரியது. கல்லூரி நாளில் இதைப் படித்துவிட்டுத் தப்பு எங்கே என்று இரவெல்லாம் தேடினேன். தப்பு இல்லை.

பெர்லினில் குரோனெக்கர் என்ற கணிதர் இந்தப் போக்கைக் கடுமையாக எதிர்த்தார். ஹில்பர்ட் என்ற ஜெர்மானியக் கணிதரோ, 1900-இல் தான் தொகுத்த, விடை தெரியாத 23 கேள்விகளில் முதலாவதாகவே கேன்டரின் கேள்வியை வைத்தார்: இந்த இரண்டு முடிவிலிகளுக்கும் இடைப்பட்ட அளவில் இன்னொன்று உண்டா?

கணக் கோட்பாடு என்பது பொருள்களின் தொகுதிகளை ஆராயும் துறை; அடிகோள் என்பது நிறுவாமலே ஏற்றுக்கொள்ளும் தொடக்க விதி. வழக்கமான கணக் கோட்பாட்டின் அடிகோள்களில் முரண் இல்லாதவரை, 'உண்டு' என்று அவற்றிலிருந்து நிறுவ முடியாது எனக் காட்டினார் தர்க்கவியலாளர் கோடெல். 'இல்லை' என்றும் நிறுவ முடியாது என்று 1963-இல் காட்டினார் கணிதர் பால் கோஹன். அவர் தர்க்கவியலில் வளர்ந்தவர்கூட இல்லை, நுண்கணிதத்திலிருந்து வளர்ந்த 'பகுப்பாய்வு' என்ற கணிதப் பிரிவிலிருந்து வந்தவர். வெளியிலிருந்து வந்து இதை முடித்தாரே என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

எது விழுந்தது என்று கேட்டீர்களே. தெளிவாகக் கேட்ட கேள்விக்கு நம் அடிகோள்களிலிருந்தே ஒரு விடை வந்துவிடும் என்ற நம்பிக்கை விழுந்தது. புதிய அடிகோள் ஒன்றைச் சேர்த்தால் கேன்டரின் கேள்விக்கு விடை வருமா என்று இன்றும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.