சுவரேறக் கற்க எங்கே சேர்ப்பது?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், பாரிஸ் ஒலிம்பிக்கில் சுவரேறும் போட்டியைப் பார்த்ததிலிருந்து தானும் கற்க வேண்டும் என்கிறாள். வீட்டுக்கு அருகில் உயரம் குறைந்த, கயிறில்லாத உள்ளரங்கச் சுவர் ஒன்று இருக்கிறது. உயரமான கயிற்றுச் சுவருக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் வெகுதூரம் போக வேண்டும். எதில் சேர்க்கலாம்?
- வாசகி, வேளச்சேரி

பதில்: அருகில் இருப்பதையே முதலில் பாருங்கள். வாரம் இரண்டு முறையாவது விடாமல் போனால்தான் விரலுக்கும் முன்கைக்கும் வலு ஏறும். பள்ளி விட்டதும் மாலை நெரிசலில் நெடுந்தூரம் போய்வரும் பயிற்சி பெரும்பாலும் காலாண்டுத் தேர்வோடு நின்றுவிடும்.

உங்கள் மகளை ஈர்த்தது எந்தப் போட்டி என்றும் கேளுங்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வேகம், கயிறில்லாத குட்டைச் சுவர், கயிற்றோடு உயரம் ஏறுதல் என்ற மூன்று பிரிவுகளுக்கும் சேர்த்து ஒரே பதக்கம்தான். 2024இல் பாரிஸில் வேகப்போட்டியைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். அதற்கான சுவர் 15 மீட்டர் உயரம், பிடிகளின் அமைப்பு உலகெங்கும் ஒன்றே. அவளுக்கு அதுதான் வேண்டுமென்றால், பின்னாளில் உயரமான சுவரைத் தேடிப் போகத்தான் வேண்டும். மற்றபடி, பௌல்டரிங் எனப்படும் கயிறில்லாத சுவரே நல்ல அடித்தளம்.

சுமார் நான்கு மீட்டர்தானே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். கயிறில்லாத சுவரில் தவறினால் ஒவ்வொரு முறையும் தரையில்தான் விழ வேண்டும். அடிபடுவது கணுக்காலும் மணிக்கட்டும். மெத்தைகளுக்கு இடையே கால் சிக்கும் இடுக்கு இருக்கிறதா என்று நீங்களே நடந்து பாருங்கள். முழங்காலை மடக்கி இறங்கி, கையைப் பின்னால் ஊன்றாமல் முதுகுப்பக்கம் உருளும் முறையை முதல் வகுப்பிலேயே சொல்லித்தராத இடம் வேண்டாம். ஏறுபவருக்கு நேர்கீழே மெத்தையில் அமர்ந்து அரட்டை அடிப்பவர்களை யாரும் எழுப்பாத இடமும் வேண்டாம்.

கயிற்றுச் சுவரானால், எட்டு வடிவ முடிச்சையும், இடுப்புப் பட்டையில் மாட்டும் உலோகக் கொக்கியான காரபைனரின் பூட்டையும் பழகியவர்களுக்கும்கூட ஒவ்வொரு முறையும் சரிபார்க்கிறார்களா என்பதே முதன்மையான கேள்வி. கீழே கயிறு பிடிப்பவர் ஒரு கையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால், பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

சென்னைக்கே உரிய தொல்லை வியர்வை. மெக்னீசியம் கார்பனேட் தூளை எவ்வளவு பூசினாலும் புழுக்கத்தில் கை வழுக்கும். குளிர்சாதனமோ நல்ல காற்றோட்டமோ இல்லாத தகரக் கூரைக் கொட்டகையில், மே மாதப் பிற்பகலில், தேர்ந்தவர்களே திணறுவார்கள். ஆகவே அவள் வழக்கமாகப் போகப்போகும் நேரத்திலேயே போய்ப் பாருங்கள். பிடிகள் ரப்பர் கறை படிந்து பளபளத்தால், ஏறும் தடங்களை மாற்றி வெகுநாள் ஆகிறது என்று பொருள். தள்ளுபடி தருவதாகச் சொன்னாலும், சில நாள் கட்டணத்தில் பழகிய பிறகே ஆண்டுச் சந்தா கட்டுங்கள்.

வளரும் பருவத்தில் விரல் எலும்பின் வளர்ச்சிப் பகுதி மென்மையானது. விரல்நுனியில் மட்டும் தொங்கும் பலகைப் பயிற்சி இப்போது கூடாது. நடுவிரலின் நடுக்கணுவில் வலி நீடித்தால் பயிற்சியை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இதற்கான காலணியை உடனே வாங்க வேண்டுமா?
- வாசகர், அண்ணா நகர்

பதில்: வேண்டாம். பெரும்பாலான கூடங்களில் வாடகைக்குக் கிடைக்கும். மெல்லிய காலுறையை மட்டும் சொந்தமாக எடுத்துச் செல்லுங்கள். வாங்கும்போது, விரல்கள் நுனியைத் தொட வேண்டும், வலிக்கக் கூடாது. வளரும் பிள்ளைக்கென்றால் விலை உயர்ந்தது வீண்.