பாவித்த காற்றுப் படகு வாங்கி மீன்பிடிக்கப் போகலாமா?

கேள்வி: கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். நானும் மச்சானும் கோடை வந்தால் ஸ்கூகொக் ஏரிக் கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்கள். இந்த வருசம் ஒரு படகு வாங்குவோம் என்று கிஜிஜி விளம்பரத் தளத்தில் பார்த்தோம். 11 அடி நீளக் காற்றுப் படகு ஒன்று 700 டொலருக்கு வந்திருக்கிறது. பலகைத் தரை, துடுப்பு, பம்ப் எல்லாம் உண்டு, மோட்டார் இல்லை. எட்டு வருசப் படகாம், காற்றே இறங்காதாம். இதை வாங்கி இரண்டு சுழல் கதிரை, நாலு தூண்டில் தாங்கி, மீன் காட்டும் கருவி, பற்றறி மோட்டார் எல்லாம் பூட்டலாம் என்று மச்சான் திட்டம் போட்டு வைத்திருக்கிறார். இது புத்தியான வேலைதானா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: படகு நல்லதென்றால் புத்தியான வேலைதான். ஆனால் மச்சானின் பட்டியலைக் கொஞ்ச நேரம் மடித்து வையுங்கள். தாங்கியும் கருவியும் எப்போதும் வாங்கலாம். துண்டுகள் ஒட்டிச் சேரும் பொருத்து விட்டுப்போன காற்றுக் குழாயையும், மோட்டார் தொங்குகிற பின்பலகை உக்கியிருந்தால் அதையும் திருத்தப் போனால் படகின் விலைக்குக் கிட்ட வந்துவிடும்.

விற்பவருக்கு முதலில் ஒரு செய்தி அனுப்புங்கள்: "நாளைக்குக் காலையில் வருகிறேன், இன்று பின்னேரமே காற்றடித்து விடுங்கோ." நீங்கள் போய் இறங்கிய பிறகு அடித்துக் காட்டும் காற்றுக்கு அர்த்தமில்லை. இரண்டு மணித்தியாலம் எந்தப் படகும் விறைப்பாகத்தான் நிற்கும். இரவுக் குளிருக்குக் குழாய்கள் எல்லாம் ஒரேயளவாகச் சற்றுத் தளர்ந்திருந்தால் அது இயல்பு. ஒரு குழாய் மட்டும் தொய்ந்து மற்றவை இறுக்கமாக நின்றால் காற்றுப் போகிறது என்று பொருள். மத்தியான வெயிலில் காய விட்ட படகைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், சூட்டில் உள்ளே காற்று விரிந்து ஓட்டைப் படகும் கல்லுப் போல நிற்கும்.

போகும்போது பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைத் தண்ணீரில் கரைத்து ஒரு தெளிப்பான் போத்தலில் கொண்டுபோங்கள். வால்வுகள், பொருத்துகள், துடுப்பு பூட்டும் இடங்கள், குழாய் பின்பலகையோடு சேரும் மூலைகள் எல்லாவற்றுக்கும் அடியுங்கள். குமிழி வால்வில் வந்தால் பயமில்லை. வால்வைக் கழற்றித் துடைத்துப் பூட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும், இல்லையென்றால் புதிதாக ஒன்று போடலாம். குழாயின் நடுவில் ஊசி முனை அளவில் ஓட்டை என்றாலும் ஒட்டிவிடலாம். பொருத்து நெடுகக் குமிழி வந்தால் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

இன்னொரு சோதனை இருக்கிறது, அதிகம் பேர் செய்வதில்லை. இந்த வகைப் படகின் வெளிக்குழாய் உள்ளே தடுப்புகளால் இரண்டு மூன்று அறைகளாகப் பிரிந்திருக்கும். ஓர் அறையின் காற்றை முழுதாகத் திறந்து விடுங்கள். பக்கத்து அறையும் நிற்காமல் மெல்ல மெல்லத் தளர்ந்துகொண்டே போனால் உள்தடுப்புப் போய்விட்டது. வெளியே ஒரு குமிழியும் வராது, ஒட்டவும் கை எட்டாது. ஓர் அறை கிழிந்தாலும் மற்றது மிதக்க வைக்கும் என்பதுதான் இந்தப் படகின் முழுப் பாதுகாப்பும். அது இல்லாத படகு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அடுத்தது பின்பலகை. அநேகமாக அது மேலே பூச்சுப் பூசிய பிளைவூட். பழைய திருகாணித் துளைகளால் தண்ணீர் உள்ளே போய், பூச்சு பளபளவென்று இருக்கும்போதே மரம் உக்கியிருக்கும். திருகாணிப்பிடியின் கைப்பிடியால் மேலிருந்து கீழாகத் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் கணீரென்று கேட்கும், உக்கியது தொம் தொம்மென்று கேட்கும். மேல் விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டியும் பாருங்கள். கேள்வியில் சொன்ன பலகைத் தரையையும் கழற்றி அடிப்பக்கம் பார்க்க வேண்டும், ஓரங்கள் விரிந்து அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கக் கூடாது. தரையைப் புதிதாக வெட்டிப் போடலாம் என்பதால் அதற்கு விலையைக் குறைத்துக் கேட்டால் போதும்.

கையால் தடவும்போது மேற்பரப்பு பிசுபிசுவென்று ஒட்டினால், அல்லது பொருத்து நாடா ஓரத்தில் பழைய பசை பாகாகக் கசிந்திருந்தால், வெயில் அந்தப் படகைத் தின்றுவிட்டது. சுத்தமாகப் போட்ட பழைய ஒட்டு ஒன்றிரண்டு இருப்பதற்காகப் பின்வாங்க வேண்டாம். எனக்கென்றால் ஒட்டைவிடப் புதுப் பெயின்ற்தான் சந்தேகம். காற்றுப் படகுக்கு யாராவது பெயின்ற் அடித்தால், எதையோ மறைக்கத்தான் அடித்திருப்பார்.

கேள்வி: அதே வாசகர் தொடர்ந்து கேட்கிறார்: படகு செய்த துணி பிவிசி பிளாஸ்ரிக்கா, ஹைபலன் றப்பரா என்று கேட்டால் விற்பவருக்கே தெரியவில்லை. அது முக்கியமா?

பதில்: பசை வாங்கும்போது மிகவும் முக்கியம். நீங்கள் ஒட்டப் போகிற தாங்கி நிற்பதும் கழன்று ஏரிக்குள் போவதும் இதில்தான் இருக்கிறது. பிவிசி சற்று மினுமினுப்பாக, பிளாஸ்ரிக் தன்மையோடு இருக்கும். ஹைபலன் மங்கலாக, றப்பர் போல இருக்கும். ஐயமென்றால் வெளியே தெரியாத மூலையில் ஒரு பஞ்சில் அசிற்றோன் கரைப்பான் தொட்டுத் தேயுங்கள். பிவிசி என்றால் தேய்த்த இடம் பசைப்பிடிக்கும், ஹைபலன் என்றால் அப்படிப் பிடிக்காது. ஹைபலன் என்ற பெயரில் அந்தப் பொருளைச் செய்துவந்த டியூபொன்ட் 2010 இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இப்போது வேறு நிறுவனங்களின் அதே வகைச் செயற்கை றப்பர்தான் வருகிறது, பழக்கத்தில் பெயர் மட்டும் நிற்கிறது. 700 டொலர் விலையையும் பலகைத் தரையையும் பார்த்தால் உங்களுடையது பிவிசியாகத்தான் இருக்கும்.

பிவிசிக்குப் பொலியூரித்தேன் வகை, ஹைபலனுக்கு நியோபிறீன் வகை. இரண்டுக்கும் இரு பாகங்களைக் கலந்து பூசும் பசையை வாங்குங்கள். டொலர் கடையில் விற்கும் "எல்லாவற்றையும் ஒட்டும்" பசையால் ஒட்டியது முதல் வெயிலிலேயே உரிந்துவிடும். அதைச் சுரண்டி எடுப்பதுதான் பிறகு பெரிய வேலை.

கேள்வி: சரி, வாங்கிவிட்டோம் என்று வையுங்கள். மச்சானின் பட்டியலில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

பதில்: சுழல் கதிரையை விடுங்கள். கடும்பிளாஸ்ரிக் படகில் அழகாக இருக்கும், இங்கே அது ஆளின் பாரத்தை ஓரடி மேலே தூக்குகிறது. ஒருவர் மீனை இழுக்கத் திரும்பும்போது மற்றவரும் எட்டிப் பார்த்தால் படகு ஒரு பக்கம் சரியும். படகோடு வந்த குறுக்குப் பலகையில் தடித்த மெத்தை ஒன்றைக் கட்டி இருங்கள். முதுகுக்குச் சாய்வு வேண்டுமென்றால் பலகையில் பட்டியால் கட்டும் மடிப்புச் சாய்மானம் கிடைக்கிறது. கூலர் பெட்டியை நடுவில் வைத்துக் கதிரையாகவும் பாவிக்கலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

தூண்டில் தாங்கி நாலு வேண்டாம், இரண்டு போதும். நாலு தடி நீட்டிக்கொண்டு நின்றால் நூல் சிக்கெடுக்கவே பொழுது போய்விடும். காற்றுப் படகுக்கென்றே அடியில் வட்டமான மென்தட்டு வைத்த தாங்கிகள் வருகின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்கொட்டி நிறுவனம் செய்வது கனடாவில் சுலபமாகக் கிடைக்கும். ஒட்டுவது இப்படி: குழாயில் காற்றடித்து இடத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு காற்றை இறக்கித் தட்டையாக விரியுங்கள். சாண்ட் பேப்பரால் மெல்லத் தேய்த்து, பசைக் கொம்பனி சொன்ன கரைப்பானால் துடைத்து, இரண்டு பக்கமும் மெல்லிய படலமாகப் பசை பூசி, அது காய்ந்து ஒட்டும் பதத்துக்கு வர இன்னொரு படலம் பூசி அழுத்த வேண்டும். மழை நாளில், ஈரக் காற்றில் இந்த வேலை வேண்டாம். ஒட்டிய பின் குறைந்தது ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். பொறுமையில்லாதவர்கள் ஒட்டவே வேண்டாம், குறுக்குப் பலகையில் கவ்விப் பிடிக்கும் தாங்கியைப் பூட்டினால் போதும், கழற்றியும் வைக்கலாம்.

மீன் காட்டும் கருவியின் உணரியைப் பின்பலகையில் துளைத்துப் பூட்டாமல், கவ்வியில் ஒரு கம்பி பூட்டி அதில் தொங்க விடுங்கள். பின்பலகையில் போடும் ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல். போட்டே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் புகாமல் அடைக்கும் மரைன் சீலன்ற் நிரப்பாமல் திருகாணி போடாதீர்கள். கருவி காட்டுகிற எல்லா மீனும் பிடிக்கக்கூடிய மீன் இல்லை என்பதையும் மச்சானிடம் சொல்லுங்கள். ஸ்கூகொக்கில் வோல்ஐ என்ற மீனைப் பிடிப்பதை 2016 இல் தடைசெய்தார்கள், போக முன் அந்த வருசத்து ஒன்ராறியோ மீன்பிடி விதிகளைத் திறந்து பாருங்கள்.

அவருடைய பட்டியலில் இல்லாத இரண்டு சாமான் அதைவிடப் பயன்படும். ஒன்று, தரைக்கு ஈவிஏ என்ற மென்பிளாஸ்ரிக் நுரை விரிப்பு. ஈரப் பலகையில் வழுக்காது, விழுந்த தூண்டில் முள்ளையும் பாஸ், பேர்ச் மீன்களின் முதுகு முள்ளையும் தாங்கும். மற்றது, காளான் வடிவ நங்கூரம். மடிக்கிற கொக்கி நங்கூரம் சிறியதாக, மலிவாக இருக்கும். இழுத்து உள்ளே போடும்போது அதன் நகம் குழாயில் பட்டால் அன்றைய மீன்பிடி அத்தோடு சரி.

கேள்வி: பற்றறி மோட்டார் எத்தனை பவுண்டு உந்துவிசையில் வாங்குவது? பழைய கார் பற்றறியைப் பாவிக்கலாமா?

பதில்: 11 அடிக்கு 12 வோல்ற்றில் 55 பவுண்டு உந்துவிசை தாராளம். கார் பற்றறி வேண்டாம். அது காரைக் கிளப்ப ஒரு நொடி பெரிய மின்சாரம் கொடுக்கச் செய்தது, பல மணித்தியாலம் மெல்ல மெல்ல இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். அப்படி மெல்ல இறக்குவதற்கென்றே செய்த டீப் சைக்கிள் பற்றறி வாங்குங்கள். 100 ஆம்ப்-மணி ஈயப் பற்றறி 25 முதல் 30 கிலோ, அதிலும் பாதியைத்தான் எடுக்கலாம். அதே அளவு லிதியம் இரும்புப் பொஸ்பேற் பற்றறி 12 கிலோ சொச்சம், கிட்டத்தட்ட முழுவதையும் எடுக்கலாம். விலை கூட, ஆனால் காற்றுப் படகில் 15 கிலோ மிச்சம் என்பது பெரிய விசயம். இந்த மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்ப் அளவில் இழுக்கும். அந்தக் கணக்கில் லிதியம் இரண்டு மணித்தியாலம், ஈயம் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. பாதி வேகத்தில் போனால் பல மடங்கு நேரம் ஓடும்.

பற்றறிக்குக் கிட்டவே சேர்க்கிட் பிறேக்கர் ஒன்று போடுங்கள், எத்தனை ஆம்ப் என்று மோட்டார் புத்தகத்தில் இருக்கும். பற்றறியை மூடிய பெட்டியில் வைத்துத் தரையோடு பட்டியால் கட்டுங்கள். மோட்டார் பின்னால், நீங்களும் பின்னால் என்பதால் பற்றறி முன்னுக்கு இருந்தால்தான் படகு மட்டமாக ஓடும். அதற்கு நீளமான, தடித்த செப்பு வயர் வேண்டும்.

ஒன்றை மட்டும் கடுமையாகச் சொல்கிறேன். காற்றுப் படகுக்குத் தண்ணீருக்குள் ஆழம் இல்லை, வெளியே தெரிகிற உடம்பெல்லாம் காற்றுக்குப் பாய். மணிக்கு 25, 30 கிலோமீற்றர் எதிர்க்காற்றில் பற்றறி மோட்டார் உங்களைக் கரைக்குக் கொண்டுவராது. போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அது உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். கரையிலிருந்து ஏரிப் பக்கம் காற்று அடிக்கிற நாளில் பிக்கரிங் பக்கம் ஒன்ராறியோ ஏரியில் இறங்கவே வேண்டாம். மே மாதம் வெளியே ரீ-சேர்ட்டோடு நிற்கலாம் போல இருந்தாலும், அந்தத் தண்ணீர் ஆளை நிமிடக் கணக்கில் செயலிழக்கச் செய்யும் குளிர்.

கேள்வி: சின்னக் காற்றுப் படகுதானே, கடதாசி எதுவும் தேவையா?

பதில்: தேவை. மோட்டார் பூட்டினால், அது பற்றறி மோட்டார் என்றாலும், ஓட்டுகிறவரிடம் படகோட்டி அட்டை இருக்க வேண்டும். ஒன்லைனில் படித்துச் சோதனை எழுதலாம், ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் செல்லும். 10 குதிரைவலு அல்லது அதற்கு மேலான மோட்டார் என்றால் படகுக்கும் உல்லாசப் படகு உரிமம் எடுத்து, இலக்கத்தைப் படகில் போட வேண்டும். அந்த உரிமம் சொந்தக்காரர் யார் என்பதற்கு அத்தாட்சி அல்ல. ஆகவே விற்பவரிடம் பெயர், திகதி, விலை, படகின் உடலில் பொறித்த இலக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இலக்கத்தைச் சுரண்டியிருந்தால் விலை பேசவே வேண்டாம். எத்தனை பேர், எவ்வளவு பாரம், எவ்வளவு மோட்டார் என்று கொம்பனி ஒட்டிய தகடும் படகில் இருக்கும். "ஐந்து பேர்" என்று அதில் போட்டிருந்தால், தூண்டில் சாமானோடு மூன்று பேர் என்று வாசியுங்கள்.

ஆளுக்கொரு அளவான லைஃப் ஜாக்கெட், 15 மீற்றர் மிதக்கும் கயிறு, துடுப்பு, தண்ணீர் அள்ளும் பாத்திரம், விசில், நனையாத ரோர்ச் ஆகியவை எப்போதும் படகில் இருக்க வேண்டும். 18 முதல் 64 வயது வரையானவர்கள் மீன்பிடி உரிமமும் வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: பிரம்ரனிலிருந்து இன்னொரு வாசகர்: கடையில் புதிதாக 200 டொலருக்கே காற்றுப் படகு விற்கிறார்களே, பிறகேன் பாவித்தது?

பதில்: அது துணி இல்லாத வெறும் வினைல். சிறு குளத்தில், கரையோரமாக, துடுப்போடு போக நல்ல படகு, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். மோட்டார் பூட்டும் சட்டகம் தனியாக விற்கிறார்கள்தான், ஆனால் தூண்டில் முள்ளும் மீன் வெட்டும் கத்தியும் புழங்குகிற இடத்தில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உள்ளே துணி வைத்துச் செய்த பாவித்த படகு அதைவிட அதிக காலம் உழைக்கும்.

கேள்வி: குளிர்காலத்தில் எங்கே வைப்பது?

பதில்: நன்றாகக் கழுவி, முழுதாகக் காயவைத்து, சூடுள்ள பேஸ்மன்ற்றில் தளர்வாக மடித்து வையுங்கள். உறைகிற கராஜில் பிவிசியை மடித்தால் மடிப்பில் வெடிக்கும், எலியும் கடிக்கும். லிதியம் பற்றறியையும் உள்ளே கொண்டுவாருங்கள், பூச்சியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. கழுவுவது கோடையிலும் கட்டாயம்: 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் படகை வீதியால் கொண்டுபோக முன் களைகளை அகற்றி, தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பது சட்டம். ஸ்கூகொக்கின் களை தரைப் பலகைக்கு அடியிலும் குழாய் இடுக்கிலும்தான் போய் ஒளிந்திருக்கும், அங்கே கையை விட்டுப் பாருங்கள்.