ஆடாதோடை: யாருக்கு உதவும், யாருக்கு ஆகாது?

கேள்வி: ஐயா, வேலியோரம் சளி மூலிகையான ஆடாதோடை மண்டிக் கிடக்கிறது. பச்சை இலையை இடித்துப் பிழிந்தால் சாறே வரவில்லையே?

பதில்: சுலபத்தில் வராது. இலைகளை இட்லிப் பானையில் அவித்து, துவண்டதும் சூட்டோடு இடித்துத் துணியில் பிழியுங்கள். கரும்பச்சையாகச் சாறு இறங்கும். ஆயுர்வேதத்தில் அரைத்த இலையை உருட்டி, வேறு இலை சுற்றி, மண் பூசித் தணலில் சுட்டுப் பிழிவார்கள். புடபாகம் என்று பெயர். வீட்டில் அவ்வளவு பாடு வேண்டாம். பெரியவர்களுக்கு இரண்டு தேக்கரண்டிச் சாறு, அதே அளவு தேன். கசப்பில் முகம் கோணும்.

கேள்வி: எல்லா இருமலுக்கும் கேட்குமா?

பதில்: கேட்காது. நெஞ்சில் கோழை கட்டி, இருமியும் வெளியே வராமல் திணறுகிறவர்களுக்குத்தான் இது. இலையிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை முன்மாதிரியாக வைத்து உருவாக்கியதுதான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து. அது உடலுக்குள் போய் மாறும் வடிவம் அம்ப்ராக்சால். உங்கள் வீட்டுச் சளி சிரப்பின் சீட்டைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும். பாட்டி வைத்தியம் என்று ஏளனம் செய்பவர்களும் குடிப்பது இதன் வாரிசைத்தான்! மருத்துவர் அந்த சிரப்பை எழுதியிருந்தால், அவரைக் கேட்காமல் இலைச்சாற்றையும் சேர்க்காதீர்கள். நெஞ்செரிச்சலால் வரும் வறட்டு இருமலுக்கு இதை நம்பிப் பயனில்லை.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பிணி நான். ஆடாதோடைச் சாற்றைச் சர்க்கரையோடு காய்ச்சிய மணப்பாகு குடிக்கலாமா?

பதில்: கூடாது அம்மா. வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணம் உண்டு.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குத் தேனில் குழைத்துத் தரலாமா?

பதில்: ஒரு வயது நிறையும் வரை தேனே ஆகாது. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோயாளிக்கு மணப்பாகு?

பதில்: மணப்பாகே சர்க்கரைப் பாகுதான். சர்க்கரை சேர்க்காமல் இலைக் கஷாயமாகக் காய்ச்சலாம், உங்கள் மருத்துவர் சம்மதித்தால்.

கேள்வி: அப்பாவுக்கு ஒரு மாதமாக இருமல், சளியில் இரத்தம். இரத்தபித்தத்துக்கு, அதாவது உடலிலிருந்து இரத்தம் கசியும் நோய்க்கு, ஆடாதோடை என்று ஆயுர்வேதத்தில் சொல்லியிருக்கிறதே?

பதில்: சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் அப்பாவுக்கு முதலில் வேண்டியது பரிசோதனை. இருமல் இரண்டு வாரம் தாண்டினாலே காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இரத்தமும் வந்தபின் ஏன் காத்திருக்கிறீர்கள்? இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். சளிப் பரிசோதனையும் காசநோய் மாத்திரைகளும் அங்கே இலவசம். வெறும் எச்சிலைத் துப்பிக் கொடுக்கக் கூடாது, ஆழமாக இருமி நெஞ்சிலிருந்து வரும் சளியைக் கொடுக்கச் சொல்லுங்கள்.