அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் வெற்றிக்கு அவருடைய பேச்சுத்திறமைதான் காரணமா?

பேச்சும் ஒரு காரணம்தான். ஆனால் அதை மட்டும் வைத்து அவரை எடைபோட்டால், அவர் செய்த கஷ்டமான வேலை கண்ணில் படாமலே போய்விடும். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் 'எனக்கொரு கனவு இருக்கிறது' என்று அவர் பேசியபோது, எதிரே இருந்த இரண்டரை லட்சம் பேரும் அவர் பக்கம் வந்து சேர்ந்துவிட்டவர்கள். அவர்களை அதுவரை கொண்டுவந்து சேர்த்தது எது என்பதுதான் முக்கியமான கேள்வி. என்னைப் பொறுத்தவரை, கிங் எதிரிகளின் மனதை மாற்றியதைவிடத் தன் சொந்த மக்களைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிய சாதனை. பயந்து வீட்டுக்குள் இருப்பவர்களைத் தெருவுக்கு அழைக்க வேண்டும். கோபத்தில் கொதிப்பவர்களிடம் திருப்பி அடிக்காதே என்று சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே கூட்டத்தில் ஒரே ஆள் செய்ய வேண்டியிருந்தது.

நான் சில வருடங்கள் தொழிற்சங்க வேலையில் இருந்தவன். ஊர்வலத்தில் ஒருவர் கல்லை எடுத்துவிட்டால் போதும், மறுநாள் செய்தியில் கோரிக்கை இருக்காது, கல்தான் இருக்கும். அந்த ஒருவரைத் தடுப்பது எவ்வளவு சிரமம் என்று தெரிந்ததால்தான் கிங் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.

1955 டிசம்பர் 1 அன்று அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் பஸ்ஸில் வெள்ளைப் பயணிக்கு எழுந்து இடம் கொடுக்க மறுத்துக் கைதானார். அன்று இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை பஸ்ஸில் ஏறாதீர்கள் என்று பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்செடுத்துவிட்டார். கிங் அப்போது ஊருக்குப் புதிதாக வந்த 26 வயது போதகர். அதாவது, பஸ் புறக்கணிப்பை அவர் தொடங்கவில்லை. அதை 381 நாள் கலையாமல் நடத்திக் காட்டியதில்தான் அவர் பங்கு. காலையில் வேலைக்குப் போக வேண்டிய சமையல்காரம்மாவுக்குக் கார் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் எந்த உரையும் அவரை ஒரு மாதத்துக்கு மேல் நடக்க வைக்காது. அதனால் கார் வைத்திருந்தவர்களைச் சேர்த்து, ஏறுமிடம் இறங்குமிடம் எல்லாம் குறித்து ஒரு போக்குவரத்தையே நடத்தினார்கள். லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில் 1953இல் இதே மாதிரி செய்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

1956 ஜனவரி 30 இரவு கிங் ஒரு கூட்டத்தில் இருக்கும்போது அவர் வீட்டில் குண்டு வெடித்தது. மனைவி கொரெட்டாவும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள், நல்லவேளையாகக் காயமில்லை. அவர் ஓடிவந்தபோது வாசலில் ஆத்திரத்தோடு பெருங்கூட்டம், சிலர் கையில் ஆயுதம். அந்த இரவில் அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் ஊர் பற்றி எரிந்திருக்கும். ஆயுதங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள், வன்முறையால் இது தீராது என்று வராந்தாவில் நின்று சொன்னார். கூட்டம் கலைந்தது. வாஷிங்டன் உரையைவிட இதைத்தான் நான் அவருடைய ஆகச் சிறந்த பேச்சு என்பேன்.

இத்தனைக்கும் அந்தக் காலத்தில் கிங் வீட்டிலேயே துப்பாக்கி இருந்தது. காந்தியத்தில் ஊறிய பயார்ட் ரஸ்டின் மான்ட்கோமரிக்கு வந்து பேசிய பிறகுதான் படிப்படியாக அதை விட்டார். அடுத்தவரைச் சம்மதிக்க வைத்தவர், தானும் அடுத்தவர் சொல்லைக் கேட்டு மாறினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1959இல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர், தாழ்த்தப்பட்ட குழந்தைகள் முன்னால், 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர்' என்று அவரை அறிமுகப்படுத்தினாராம். முதலில் சுருக்கென்று இருந்தது, யோசித்துப் பார்த்தால் ஆமாம், நானும் என் நாட்டில் தீண்டத்தகாதவன்தான் என்று ஒத்துக்கொண்டேன் எனப் பின்னாளில் ஒரு பிரசங்கத்தில் அவரே சொன்னார்.

புறக்கணிப்பு ஜெயித்து, பஸ்ஸில் எங்கும் உட்காரலாம் என்று நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகும் அவர் விடவில்லை. சர்ச்சுகளில் நாற்காலிகளை பஸ் மாதிரி வரிசையாகப் போட்டு ஒத்திகை நடத்தினார்கள். சிலர் வெள்ளைப் பயணிகளாக நடித்துத் திட்டுவார்கள், மற்றவர்கள் பொறுமையாக உட்கார்ந்திருக்கப் பழக வேண்டும். திட்டினால் திருப்பித் திட்டாதே, தள்ளினால் திருப்பித் தள்ளாதே என்று அச்சடித்தே கொடுத்தார்கள். பின்னாளில் அலபாமாவின் இன்னொரு நகரமான பர்மிங்காமிலும் இப்படித்தான். அடி வாங்கினால் அமைதியாக இருக்க முடியாது என்று தெரிந்தவர்களை ஊர்வலத்தில் சேர்க்கவில்லை, அவர்களுக்கு வேறு வேலை கொடுத்தார்கள்.

தலைவர் என்ன செய்கிறார் என்றும் ஜனங்கள் பார்ப்பார்கள் இல்லையா? 1962 செப்டம்பரில், அதே பர்மிங்காமில் ஒரு மாநாட்டு மேடையில் பேசிக்கொண்டிருந்த கிங்கை அமெரிக்க நாஜிக் கட்சிக்காரன் ஒருவன் ஏறிவந்து முகத்தில் குத்தினான். கிங் தன் கைகளைத் தொங்கவிட்டுவிட்டார். அவனைப் பிடித்தவர்களிடம், தொடாதீர்கள், அவனுக்காக ஜெபிக்க வேண்டும் என்றார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அகிம்சை பற்றி அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

தோல்விகளையும் சொல்ல வேண்டும். ஜார்ஜியாவின் ஆல்பனியில் 1961, 62இல் நடந்த போராட்டம் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. போலீஸ் தலைவர் லாரி பிரிட்செட் கிங்கின் முறையை முன்கூட்டியே படித்துவிட்டு, கேமரா முன்னால் யாரையும் அடிக்காமல், கைதானவர்களைச் சுற்றுவட்டாரச் சிறைகளுக்கு அனுப்பிவைத்தார். எல்லா அநீதியையும் ஒரே நேரத்தில் எதிர்த்ததுதான் பிழை என்று கிங் பிறகு எழுதினார். அதனால் 1963இல் பர்மிங்காமில் குறி சின்னதாக இருந்தது: ஈஸ்டர் வியாபார நேரத்தில், கறுப்பர்களைப் பிரித்துவைத்த நகர மையக் கடைகள்.

ஏப்ரல் 12, பெரிய வெள்ளியன்று கிங் கைதானார். எட்டு வெள்ளை மதகுருமார்கள் 'இது தகுந்த நேரமல்ல' என்று அறிக்கை விட்டிருந்தார்கள். அதற்கு, சிறைக்குள் வந்த செய்தித்தாளின் ஓரங்களில் எழுதத் தொடங்கியதுதான் புகழ்பெற்ற பர்மிங்காம் சிறைக் கடிதம். கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் ஆளைவிட, கொள்கையில் உடன்படுகிறேன், வழிமுறைதான் பிடிக்கவில்லை என்று சொல்லும் மிதவாதிதான் பெரிய தடை என்று அதில் எழுதினார். மே 2, 3 தேதிகளில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள், போலீஸ் நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் ஏவியது. பிள்ளைகளை இறக்கியது சரியா என்று இன்றும் விவாதம் உண்டு. எனக்கும் அதில் முழுச் சம்மதம் இல்லை. ஒரு வாரத்தில் கடைக்காரர்கள் உடன்பாட்டுக்கு வந்தார்கள் என்பது மட்டும் உண்மை.

1964இல் சிவில் உரிமைகள் சட்டம், அலபாமாவின் செல்மாவில் வாக்குரிமை கேட்டு நடந்த ஊர்வலங்களுக்குப் பிறகு 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம். இவை எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, உயிரோடு இருந்தபோது அவர் எவ்வளவு வெறுக்கப்பட்டார் என்பது. 1966இல் காலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில் 63 சதவீத அமெரிக்கர்கள் அவரைப் பிடிக்கவில்லை என்றார்கள். மறு ஆண்டு வியட்நாம் போரை வெளிப்படையாக எதிர்த்தபோது, அதுவரை ஆதரித்த பெரிய பத்திரிகைகளே அவரைக் கண்டித்தன. மக்களைச் சம்மதிக்க வைப்பது என்றால் அவர்களுக்குப் பிடித்ததைச் சொல்வது என்று நினைப்பவர்கள் இந்தக் கடைசி இரண்டு வருடங்களைக் கவனிக்க வேண்டும்.

டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் குப்பை லாரியின் அழுத்தும் இயந்திரத்தில் சிக்கி இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் இறந்தபின் சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 'நானும் மனிதன்' என்ற அட்டையோடு நடந்தார்கள். 1968 மார்ச் 28 அன்று கிங் தலைமையில் போன ஊர்வலத்தில் கண்ணாடிகள் உடைந்தன, போலீஸ் சுட்டு 16 வயதுப் பையன் இறந்தான். அமைதியாக ஓர் ஊர்வலம் நடத்தியே தீர வேண்டும் என்றுதான் திரும்பி வந்தார், ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கு நாள் கழித்து கொரெட்டா அந்த ஊர்வலத்தை நடத்தினார். ஒரு கல்லும் பறக்கவில்லை. ஏப்ரல் 16 அன்று நகர நிர்வாகம் தொழிலாளர்களின் சங்கத்தை ஏற்று, ஊதிய உயர்வுக்கும் ஒப்புக்கொண்டது.

உரையை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். அடுத்து அந்தச் சிறைக் கடிதத்தை முழுதாகப் படியுங்கள், ஒரு மணி நேரம் கூட ஆகாது.