ஏஜெண்டிடம் பணம் கட்டும் முன் இதைப் படி, தங்கச்சி

நேற்று கோயிலில் நீ கேட்டதற்கு நின்று பதில் சொல்ல முடியவில்லை. அர்ச்சனைத் தட்டோடு ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள், உன் அம்மா வேறு பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கனடாவுக்குப் படிக்கப் போகிறேன், ஈப்போவில் ஒரு ஏஜெண்டு எட்டு மாதச் சான்றிதழ் படிப்பு இருக்கிறது, முடித்தால் ஆம்புலன்ஸில் போய் அவசரச் சிகிச்சை தரும் பாராமெடிக் வேலை என்கிறார், நம்பலாமா என்றாய். குளிருக்கு என்ன வாங்குவது, தமிழர்கள் இருக்கும் பக்கம் வீடு பார்க்கலாமா என்றும் கேட்டாய். என் அம்மாவின் திதி முடிந்து வீடு அமைதியாக இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் மத்தியானம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. உட்கார்ந்து எழுதுகிறேன்.

குளிர்ச் சட்டையை இங்கே வாங்காதே, அங்கே போய் வாங்கு. வீடு வாடகை கட்டுப்படியாகும் இடத்தில் எடு. அது போதும்.

அந்த எட்டு மாதப் படிப்புக்கு மட்டும் ஒரு காசும் கட்டாதே.

நான் கட்டினேன். 2003 ஜனவரியில் கணவரோடு டொராண்டோவில் இறங்கினேன், 24 வயது. மார்ச்சில் சார்ஸ் வந்தது. கனடாவில் 44 பேரைக் கொண்டுபோன நோய். நாங்கள் ஸ்கார்பரோவில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் வீட்டுக்குக் கீழே, பேஸ்மெண்டில் இருந்தோம். எதிர் வீட்டுப் பெரியவரை அழைத்துப்போக முகக்கவசம், கவுன், கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி என் உயரம்தான் இருப்பாள். பெரியவர் வெறுங்காலோடு வாசலுக்கு வந்துவிட்டார். அவள் உள்ளே போய்ச் செருப்பைத் தேடி எடுத்து வந்து, பனியில் முட்டி போட்டு அவர் காலில் மாட்டிவிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த வேலைதான் எனக்கு என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

அவசரத்தில் தவறான கதவைத் தட்டினேன். ஒரு தனியார் பள்ளி, நான்கு மாதம், மூவாயிரம் டாலருக்கு மேல். ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் நின்று சேர்த்த பணம். முடிவில் தங்க விளிம்பு போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஓர் ஆம்புலன்ஸ் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது முதலுதவிப் பயிற்சி, கண்ணே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன்.

உண்மையான வழி இப்படித்தான். கனடாவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜஸ்டிஸ் இன்ஸ்டிடியூட் என்ற கல்லூரி நடத்தும் முதல்நிலைப் படிப்புக்குப் பெயரே சான்றிதழ்தான், அது செல்லும். நீ போகிற ஒன்டாரியோவில் முதல்நிலை பாராமெடிக் ஆக அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் இரண்டு வருட டிப்ளோமா வேண்டும். அதன்பின் ஏ-இஎம்சிஏ என்ற மாநில அரசின் தகுதித் தேர்வு. அதற்கும் பிறகு, வேலைக்கு எடுத்த இடத்தில் பாராமெடிக்குகளின் சிகிச்சையை மேற்பார்க்கும் பேஸ் ஹாஸ்பிட்டலின் டாக்டர் உன்னைச் சோதித்து, தன் பொறுப்பில் மருந்து கொடுக்க அனுமதி தர வேண்டும். ஒன்டாரியோவில் சான்றிதழ் என்று ஒன்று வருவது இதற்கெல்லாம் மேலே: டிப்ளோமா முடித்தவர்கள் சுமார் ஒரு வருடம் படிக்கும் அட்வான்ஸ்ட் கேர், அதாவது மேல்நிலை பாராமெடிக், பட்டதாரிச் சான்றிதழ். ஏஜெண்டு இந்தச் சொல்லைத்தான் பிடித்து உன்னிடம் விற்கிறார். தனியார் பள்ளிச் சான்றிதழுக்குப் படிப்பு முடிந்தபின் வேலை அனுமதியும் பெரும்பாலும் கிடைக்காது. அந்தத் தாளோடு நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாற்றும் தனியார் வண்டியில் வேண்டுமானால் ஏறலாம், அவசர அழைப்புக்குப் போகும் வண்டியில் ஏற முடியாது.

இன்னொன்று, பல கல்லூரிகள் இந்த டிப்ளோமாவை வெளிநாட்டு மாணவர்களுக்குத் திறப்பதே இல்லை. நான் நிரந்தர வசிப்புரிமையோடு போனவள், எனக்கு அந்தக் கதவு திறந்திருந்தது. நீ மாணவர் விசாவில் போகிறாய். கல்லூரிக்கு நீயே மின்னஞ்சல் போட்டுக் கேள். ஏஜெண்டு கேட்டுச் சொல்வதாகச் சொன்னால் விடாதே, நீயே கேள்.

2004, 2005 இரண்டு வருஷமும் இரவு வகுப்பில் 12ஆம் வகுப்பு வேதியியலும் உயிரியலும் மறுபடி எழுதினேன். 2006இல் கல்லூரி. உடற்கூறு, மருந்தியல், இசிஜி கோட்டைப் பார்த்து மாரடைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது, பொம்மையை வைத்துப் பயிற்சி, ஆஸ்பத்திரி, கடைசியில் உண்மையான வண்டியில் ஒரு மூத்தவரின் கண்பார்வையில் வேலை. படிப்பு எனக்குக் கஷ்டமாகவே இல்லை, ஒரு நாளைத் தவிர.

கழுத்து அடிபட்டவரை எப்படித் தூக்குவது என்று சொல்லிக்கொடுத்த நாள் அது. முதலில் ஒருவர் தலைமாட்டில் முட்டி போட்டு, இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடிக்க வேண்டும். மற்ற எதுவும் அதன் பிறகுதான். ஆசிரியர் என் கையைப் பிடித்து அந்தப் பொம்மையின் காதோரம் வைத்தார். எனக்கு என் தாய்மாமா ஞாபகம் வந்துவிட்டது.

உனக்குத் தெரியும், கித்தா (ரப்பர்) மரத்தையெல்லாம் வெட்டிவிட்டுத் தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்ட காலம். ஒரு குலை இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். மாமா அறுத்த குலை திசை மாறித் தோளில் விழுந்தது. எனக்குப் பத்து வயது, சோறு கொண்டு போயிருந்தேன். ஓடி வந்த நாலு பேரும் அவர் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தார்கள். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. மோட்டார் சைக்கிளில் நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோகப் பார்த்தார்கள். அதற்குள் தோட்டத்தில் மருத்துவம் பார்த்த டிரெசர் ஐயா சைக்கிளைப் போட்டுவிட்டு, "தொடாதீங்க, தொடாதீங்க" என்று கத்திக்கொண்டே மேட்டிலிருந்து ஓடி வந்தார். கதவுப் பலகையைக் கழற்றி வரச் சொல்லி, தோட்ட லோரியில் படுக்கவைத்து, ஈப்போ வரை அவர் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே போனார். மாமா பிழைத்தார். நடக்கவில்லை. முதலில் தூக்கியதாலா, குலை விழுந்ததாலா, யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த நாலு பேரில் ஒருவர் சாகும்வரை எங்கள் லயத்து வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

அந்த டிரெசர் மாதிரி ஆட்களுக்குப் பின்னால் ஹாஸ்பிட்டல் அசிஸ்டன்ட் என்று பெயர் வந்தது, அப்புறம் மருத்துவ உதவி அதிகாரி. இங்கேயே மூன்று வருட டிப்ளோமா படித்து அந்த வேலைக்குப் போகலாம், ஆம்புலன்ஸிலும் அவர்கள்தான் போகிறார்கள். கனடா மோகத்தில் அதைத் தள்ளிவிடாதே, அதற்கும் மனுப் போட்டு வை.

தமிழர்கள் பக்கமா என்று கேட்டாயே, அதற்கு இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அங்கே நம் மலேசியத் தமிழர்கள் சிலர், "நாம வேற, அவங்க வேற, யாழ்ப்பாணத்தாரோட அதிகம் ஒட்டாதே" என்று உனக்குப் புத்தி சொல்வார்கள். தோட்டத்தில் பிறந்ததையே மறைத்து, கேஎல் (கோலாலம்பூர்) என்று சொல்லிக்கொள்கிறவர்களும் அவர்கள்தான். எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வரும். எங்கள் பேஸ்மெண்ட் வீட்டுக்காரம்மா முதல் மாத வாடகையை வாங்காமல், என் கையில் ஒரு ஜோடிப் பூட்ஸைக் கொடுத்தவர். பிற்பாடு என் வேலைக்கும் அவரிடம் கற்ற பேச்சுதான் உதவியது. ஒரு ஜனவரி இரவு, லிஃப்ட் பழுதான கட்டடத்தில் மூன்றாவது மாடி. பேத்தி ஆங்கிலத்தில், பாட்டிக்கு வயிறு சரியில்லை என்றாள். பாட்டி என் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, ரெண்டு தரம் சத்தி எடுத்தனான், மூச்செடுக்க ஏலாமல் கிடக்கு" என்றார். சத்தி என்றால் வாந்தி. வயதான பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் இப்படியும் வரும். உடனே இசிஜி ஒட்டினேன், கோடு காட்டியது. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லி, படிக்கட்டு நாற்காலியில் கட்டி, நானும் என் கூட்டாளியும் ஒவ்வொரு படியாக இறக்கினோம். வழியெல்லாம் பாட்டி என் மணிக்கட்டை விடவில்லை. பத்து நாளில் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

தூக்குவதைச் சொன்னேனா? பெண் என்று யாரும் சலுகை தர மாட்டார்கள், தரவும் கூடாது. இன்றைக்கே முதுகுக்கும் தொடைக்கும் உடற்பயிற்சி தொடங்கு. ஆரம்பத்தில் பகுதிநேரம்தான் கிடைக்கும், 12 மணி நேர ஷிப்ட், தீபாவளி அன்றைக்கும் இரவு வேலை வரும். மனசுக்கும் அடி விழும். ஒரு குழந்தை கேஸுக்குப் பிறகு நான் மூன்று வாரம் தூங்கவில்லை, வெளியே சொல்ல வெட்கப்பட்டேன். 2016இல் ஒன்டாரியோ சட்டமே போட்டுவிட்டது: பாராமெடிக்குக்கு அதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோய் வந்தால் வேலையால் வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உனக்கு அந்த நிலை வந்தால் முதல் வாரமே சொல்லிவிடு.

கடைசியாக லைசென்ஸ். ஆம்புலன்ஸ் ஓட்ட அங்கே எஃப் வகுப்பு வேண்டும், அதற்கு முன் முழு ஜி லைசென்ஸ். நம் மலேசிய லைசென்ஸை அப்படியே மாற்றித் தர மாட்டார்கள். ஆனால் இங்கே ஓட்டிய வருடங்களுக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) கடிதம் இருந்தால் கணக்கில் சேர்ப்பார்கள், காத்திருக்கும் காலம் குறையும். நான் கடிதம் இல்லாமல் போய், ஒரு வருஷத்துக்கு மேல் சும்மா இழந்தேன்.

வெள்ளிக்கிழமை வரை இங்கேதான் இருப்பேன். ஏஜெண்டு கொடுத்த தாள்களை எடுத்துக்கொண்டு நாளைக் காலையில் வா, பள்ளியின் பெயரைப் பார்த்துவிட்டு ஒரு கல்லூரிக்கு நாம் இருவரும் சேர்ந்து எழுதுவோம். அதுவரை முன்பணம் கேட்டுப் போன் வந்தால் எடுக்காதே.